பம்புக்குக் கால் பொருத்திய கதை

அன்புள்ள சுலோச்சனா,

போன வாரம் புனே ஆபீஸ் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன், இந்த ஐம்பது வயதில். போனில் சொன்னால் சிரிப்பாய் என்று எழுதுகிறேன். மதுக்கரையில் நீயும் கயலும் நலந்தானே? உன் மூட்டுவலி தேவலையா?

நம்மூர்ப் பட்டறைப் பம்பு ஒன்று எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் பார்க்க வந்தது. பம்பு ஒரு படம், அதைத் தாங்கி நிற்கும் கால் ஒரு படம். திரையில் இரண்டும் ஒட்டித்தான் நிற்கும். ஆனால் நாம் சேர்த்துவைக்காவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவை யாரோ எவரோ. பாரம் ஏற்றினேன், பம்பு எழுபது கிலோமீட்டர் நகர்ந்ததாகக் காட்டியது. உக்கடத்தில் கிளம்பி சத்தியமங்கலம் போய்விட்டது! திரையிலேயே எட்டு போல்ட் போட்டுச் சேர்த்தேன், கால் முறியும் என்றது. வெல்டிங் வைத்துப் பார்த்தேன், ஒட்டில் விரியும் என்றது. முடிக்காமல் லீவு கிடையாது என்றார் மேனேஜர்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கயலைப் பெண் பார்க்க வந்தபோது நான் இல்லை. "அவரில்லாம அங்க ஒரு வேலையும் ஓடாதுங்க" என்று நீ சமாளித்தாயாம், கயல் சொன்னாள்.

கொஞ்சம் கொள்ளுப் பொடி அனுப்பு. நீ அரைத்ததுதான் வேண்டும், கடையில் வாங்காதே. வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

வேலுச்சாமி

பி.கு.: இது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம். எந்த அளவு போல்ட் என்று கேட்க நேற்றுதான் பட்டறைக்குப் போன் செய்தேன். "போல்ட்டா? ஏனுங்க, பம்பும் காலும் ஒண்ணா வார்த்ததுங்களே!" என்றார்கள்.