மே ஒன்றுக்குள் சொல்ல வேண்டியது

டுலூத்,
ஏப்ரல் 19.

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரம் ஒதுங்கிவிட்டது. சிலி நாட்டில் பரிமாற்ற மாணவியாக நீ தங்கியிருக்கும் வீட்டார் எல்லோரும் சௌக்கியந்தானே? உன் இருமல் நின்றதா?

கல்லூரிக்கு மே ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா அந்தப் பட்டியலை அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். குடிக்கும் கூத்துக்கும் பேர்போன பல்கலைக்கழகங்களில் நீ கேட்பது நாட்டிலேயே நான்காவதாம். “படிக்க அனுப்புறோமா, திருவிழாவுக்கு அனுப்புறோமா?” என்று தினமும் கேட்கிறாள். நீயோ போன வாரம் வீடியோ அழைப்பில், “ஏரி, ஆறு பத்தின படிப்பு அங்கதான் நல்லாருக்கு. அப்பாவும் அங்கதானே படிச்சார், கெட்டா போயிட்டார்?” என்றாய். திரையில் நீயும் எதிரில் அம்மாவும் என் முகத்தையே பார்த்தீர்கள். நான் குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அக்டோபரில் வளாகம் பார்க்கப் போனபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மாணவர் வீடு ஒன்றின் முன்தாழ்வாரத்தில், பழைய சோபாவில், ஒரு பெண் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் படுத்திருந்தாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் அலறி எழுந்து, “யோவ், யாருய்யா நீ?” என்றாள். “அப்பா, என் மானத்தை வாங்காதீங்க” என்று நீ என்னை இழுத்துக்கொண்டு வந்தாய். வீடு திரும்பும் வரை என்னோடு பேசவில்லை. நானும் காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் அங்கே படித்தபோது என் அறைத்தோழன் கர்ட் லிண்ட்குவிஸ்ட். அயோவாக்காரன், பால்பண்ணைக் குடும்பம், கணக்கில் புலி. தொண்ணூற்றொன்றில் கால்பந்து ஆட்டம் நடந்த ஒரு சனிக்கிழமை அவனுக்கு இருபத்தோரு வயது நிறைந்தது. காலை எட்டு மணிக்கே அவனுக்கு ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தோம். சட்டப்படி குடிக்கலாம் என்றாகும் வயது அது; வயதுக்கு ஒன்றாக இருபத்தோரு கோப்பை மது. அதுதான் அங்கே வழக்கம். பதினொரு மணிக்கு அவனால் நிற்க முடியவில்லை. தாழ்வாரத்து சோபாவில் மல்லாக்கக் கிடத்தினோம். “விடுடா, தூங்கட்டும். எந்திரிச்சா தலைவலிதான்” என்றான் ஒருவன். கர்ட் விட்டு விட்டுக் குறட்டை விட்டான். நீரில் காற்று கொப்பளிப்பது போல ஒரு சத்தம். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் சட்டைப்பையில் அழியாத கறுப்பு மைப்பேனா இருந்தது. அவனுக்கு மீசையும் கண்ணாடியும் வரைந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆட்டத்துக்குப் போனோம்.

நான்கு மணிக்குத் திரும்பியபோது குறட்டை இல்லை.

தூங்க வைத்துவிட்டுப் போனோம் என்று போலீசில் சொன்னேன். மீசையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கர்ட்டின் அம்மா வெர்னா எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். “அவனுக்கு உன்னைப் போல ஒரு நண்பன் இருந்தானே, அதுவே ஆறுதல்” என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, பகல் தூக்கத்தில் உன் மூச்சை எண்ணிக்கொண்டு தொட்டிலருகே நிற்பேன். அம்மா அதைப் பாசம் என்று நினைத்தாள். இன்றும் பாத்திரம் கழுவும் இயந்திரம் தண்ணீரை வடிக்கும்போது நான் சமையலறையில் இருப்பதில்லை.

போன சனிக்கிழமை, மீன்பிடிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு அயோவாவுக்குப் போனேன். வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபியை வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தார். “அந்த மையை நான்தான் துடைச்சேன், ரஸ்ஸல். மீசை முழுசாப் போகல. யாரு வரைஞ்சிருப்பாங்கன்னு முப்பத்திரண்டு வருசமா ஒவ்வொரு முகமா நினைச்சுப் பார்த்தேன். உன்னை மட்டும் நினைக்கல” என்றார். பிறகு, “வரையும்போது அவன் சிரிச்சானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வாசல் வரை வந்தார். மறுபடி வா என்று சொல்லவில்லை.

அம்மா சொல்லும் சின்னக் கல்லூரியைப் பற்றியும் விசாரித்தேன். எங்கள் அலுவலகத்து மார்னி அங்கே படித்தவள். “அங்கயும் சனிக்கிழமை உண்டு சார், பட்டியல்ல வராது, அவ்வளவுதான்” என்று சிரித்தாள். கர்ட்டைச் சுற்றி நின்ற நாங்கள் ஐந்து பேரும் நல்ல பிள்ளைகள், பிரிட்டா. எல்லோரும் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தோம். அதனால் நீ அங்கே போகாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. நீயே முடிவு செய்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இதை விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்லப் போகிறேன்.

எங்கே சேர்ந்தாலும், உனக்கு முடியாதபோது பக்கத்தில் உட்கார ஒருத்தி உனக்குக் கிடைக்க வேண்டும். வேறொருவர் அப்படிக் கிடந்தால், வாந்தி மூச்சை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வை, ஆம்புலன்சைக் கூப்பிடு, அது வரும்வரை அங்கேயே இரு. ஆட்டம் போனால் போகட்டும், யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். முடிவு செய்ததும் வீட்டுக்குக் கூப்பிடு, கண்ணே. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் பேசு. பக்கத்து அறையில் இருந்தபடி உன் குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடவுள் உன்னைக் காப்பாராக.

அப்பா