வளைவு வரைக்கும் ஒரு குரல்

பரணைத் துடைக்கும்போது நம் மகள் பாப்பாவின் பள்ளிக்கூடத்துக் கதைப் புத்தகம் கையில் அகப்பட்டது. அட்டை கிழிந்து, பெயர்கூட இல்லாமல் போன புத்தகம். திறந்ததும் உங்கள் முதுகுக்குத் தேய்த்த தைலத்தின் வாசனை. அது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. நீங்களும் நானும் சண்டை போட்ட பக்கம்.

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்த பிறகு உங்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பாப்பா சேலத்தில் வேலையில் இருந்தாள். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டின் ஒற்றை அறையில் நாம் இருவர்தான். கிளியூர்ப் பக்கமிருந்து ஏறி வரும் பனிமூட்டம் சன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். டிவியும் பழுதாகிவிடவே, இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். "சின்னப் புள்ளைங்க கதையா?" என்று முகம் சுளித்தீர்கள். மறுநாள் நீங்களே, "அந்தப் பையன் என்ன ஆனான் புள்ள?" என்றீர்கள்.

அந்தப் பையன் பாழுங்கிணற்றில் விழுந்து கிடக்கிறான். மேலே அவன் அக்கா. கயிறு வேண்டுமென்றால் அவள் ஊருக்குள் போக வேண்டும். "போகாதே அக்கா" என்று அவன் அழ அழ, அவள் கிளம்பிவிடுகிறாள்.

"அவ எப்படிப் போலாங்கறேன்? பையன் இருட்டுல கெடக்கறான்" என்று கத்தினீர்கள்.

"மேலயே உக்காந்திருந்தா கயிறு தானா வந்துருமாங்க?"

"உனக்கென்ன, நீ மேல நிக்கறவ."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "மேல நிக்கறவ மட்டும் நொம்ப சொகமா நிக்கறாளாக்கும்!" என்று புத்தகத்தை மூடி வைத்தேன்.

அது கதைக்கான சண்டை இல்லை என்று இருவருக்கும் தெரியும். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போனால்தான் எஸ்டேட் வீடு நமக்கு. நான் போனால் நீங்கள் பகலெல்லாம் தனியே. நான் தண்ணீர் பிடிக்கப் போனாலே கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். போகவும் முடியாமல், போகிறேன் என்று சொல்லவும் முடியாமல், அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். சில நாள் உங்கள் மேல் வெறுப்பாகக்கூட இருந்தது.

ஒருநாள் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்கக்கா, யாராச்சும் வேலைக்கு வந்தாத்தானுங்க ஊடு நிக்கும். அடுத்த வாரத்துக்கு மேல என்னால சமாளிக்க முடியாதுங்க." கட்டிலில் கிடந்த உங்கள் காதிலும் அது விழுந்தது.

அன்று விளக்கு வைத்ததும், "அவ போறப்ப என்ன பண்றா? அதப் படி" என்றீர்கள். படித்தேன். அக்கா சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறாள். குரல் தேயத் தேய, தம்பி காதைக் கிணற்றுச் சுவரில் வைத்துக் கேட்கிறான்.

அந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னீர்கள். பிறகு, "இந்த எடத்த நாம ஓட்டமாப் படிச்சுட்டோம்" என்றீர்கள். "நாளைக்கு நீயும் இப்படிப் போ."

போனேன். பாதை திரும்பும் வளைவு வரைக்கும், "கஞ்சி மூடி வெச்சிருக்கேனுங்க! பூனை வருது, பாத்துக்கங்க!" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திக்கொண்டே போனேன். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள், கோயில் மைக்செட் இனி எதற்கென்று. பனிக்குள்ளிருந்து நீங்கள் டம்ளரால் இரும்புக் கட்டிலைத் தட்டும் சத்தம் வந்தது. சாயங்காலம் திரும்பும்போதும் வளைவிலேயே குரல் கொடுப்பேன். டம்ளர் பதில் சொல்லும்.

கடைசிப் பக்கங்களை மட்டும் நீங்கள் படிக்கவே விடவில்லை. "கயிறு கொண்டாந்துருவா. அது எனக்குத் தெரியும்" என்பீர்கள்.

ஒரு சாயங்காலம் வளைவில் நின்று குரல் கொடுத்தேன். டம்ளர் சத்தம் வரவில்லை. காப்பிப் பழக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"இனி யாருக்காக அங்க இருக்கற? கீழ வந்துரும்மா" என்கிறாள் பாப்பா. நியாயமான கேள்விதான். போகலாம் என்று துணியை மூட்டை கட்டுவேன், பிறகு அவிழ்ப்பேன். சேலத்துத் தெருவில் நின்று யாருக்குக் குரல் கொடுப்பது? யாரும் பிடித்து வைக்காத இடத்தில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் பக்கங்களை இன்றுதான் படித்தேன். நீங்கள் சொன்னது சரி, அவள் கயிறு கொண்டு வந்துவிட்டாள். பையன் அப்போதும் சுவரில் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தான்.

நாளைக் காலையும் பூட்டின வீட்டைப் பார்த்து, வளைவு வரைக்கும் பேசிக்கொண்டே போவேன். கூட வரும் பெண்கள் இப்போது சிரிப்பதில்லை. வளைவில் நான் காது கொடுத்து நிற்கும் இடத்தில் அவர்களும் நின்றுவிடுகிறார்கள்.