முட்டைக்கோஸின் பின் சீட்

மார்ச் 3, செவ்வாய்

மகள் போன் செய்தாள். "அம்மா, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பித்த பேச்சைக் கேட்டுக் கோபப்படாமல் இருந்தவர்கள் யாராவது உண்டா?

"கல்யாணத்தன்னைக்குப் பதிவு ஆபீஸுக்கு நம்ம வண்டிய எடுத்துட்டு வர வேணாம்மா. நாங்க கார் அனுப்பறோம்."

நம்ம வண்டியாம். எடுத்துக்கொண்டு வரக் கூடாத வண்டி எப்படி நம்ம வண்டி ஆகும்? அவளுக்கு ஐந்து வயதில் வாங்கியது. வாங்கிய எட்டாம் மாதம் அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போனார். "வண்டிய நீயே வச்சுக்க" என்றார், ஏதோ தானம் செய்கிற மாதிரி. அதில் ஏற அவருக்கே வெட்கம். வெளிறிய பச்சை, உருண்டை முதுகு. தெருவில் எல்லோரும் அதற்கு முட்டைக்கோஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் வருடம் கம்பெனியே அந்த மாடலைக் கைகழுவியது. நான் கைவிடவில்லை. இருபத்தொரு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன்.

"வண்டி வரலைன்னா நானும் வரல" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள்.

என்ன சரி? எது சரி?

மார்ச் 4, புதன்

கோபம் தீரவில்லை. வேலையில் கட்டிய பல் செட்டில் இரண்டு கடைவாய்ப் பல் பாழ்.

மார்ச் 7, சனி

அவளுடைய சாமான்களை எல்லாம் கட்டி அனுப்பிவிடலாம் என்று பரணில் கிடந்ததை இறக்கினேன். புழுதி, பழைய நோட்டுகள், ஒரு பெரிய வாளி நிறையப் பொம்மைக் கட்டைகள். ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். பல் கட்டுவதை இருபத்தெட்டு வருடமாகத் தொழிலாகச் செய்கிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை?

வண்டி வரக் கூடாதா? வரும். இந்தக் கட்டைகளாலேயே கட்டி, டப்பாவில் போட்டு, ரிப்பன் சுற்றி, வந்திருக்கிற எல்லோர் முன்னாலும் மேசைமேல் வைப்பேன். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் போகாமல் எப்படி வைப்பேன் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அதை அப்புறம் யோசிக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் வண்டியை அளந்தேன். நீளம் முந்நூற்று நாற்பது, அகலம் நூற்றைம்பது சென்டிமீட்டர். மாடிவீட்டு வக்கீல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, "விக்கப் போறீங்களா? நல்ல காலம் பொறந்துச்சு" என்றார்.

"உங்க வாயை அளக்கறதுக்கு முன்னாடி இதை அளந்து பழகறேன்" என்றேன். உள்ளே போய்விட்டார்.

மார்ச் 11, புதன்

கணக்கு இடிக்கிறது. கட்டையின் மேலே இருக்கும் ஒரு குமிழுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால் நீளம் முப்பத்து நாலு குமிழ், அகலம் பதினைந்து. பதினைந்து ஒற்றைப்படை. கட்டைகளோ ரெண்டு, நாலு, ஆறு என்று ஜோடி ஜோடியாக வருகின்றன. பதினாறாக்கினால் வண்டி குண்டாகிவிடும், பதினாலாக்கினால் நோயாளி மாதிரி ஆகிவிடும். என் வண்டியை ஏற்கெனவே ஊரே கிண்டல் செய்கிறது, நானும் சேர்ந்து கெடுக்க வேண்டுமா? பதினைந்துதான். நடுவில் ஒற்றைக் குமிழ்க் கட்டைகளாக அடுக்கி ஒப்பேற்ற வேண்டும்.

வேலை இடத்தில் மெழுகு அச்செடுக்கும் பையனுக்கு மெழுகு என்றே பெயராகிவிட்டது. பையன் என்கிறேன், அவனுக்கும் நாற்பது ஆகிறது. என் மேசையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, முட்டைக்கோஸுக்குச் சிலை வைக்கப் போறீங்களா?" என்றான். இருக்கிற கட்டைகளை அடுக்கிவிட்டுப் பச்சை பெயின்ட் அடித்துவிடலாமாம். நான் கட்டின பல்லுக்கே சாயம் பூசினதில்லை, போடா.

மார்ச் 15, ஞாயிறு

நாலு பொம்மைக் கடை ஏறி இறங்கினேன். கரும்பச்சை இருக்கிறது, கிளிப்பச்சை இருக்கிறது, என் பச்சை இல்லை. கடைசிக் கடைக்காரர், "அந்தக் கலரை எவனும் கேக்க மாட்டான்மா" என்றார். நான் கேட்கிறேனே, நான் எவனும் இல்லையா என்று சத்தம் போட்டேன். மிரண்டுபோய் உள்ளே போனவர், விற்காமல் கிடந்த தவளைப் பொம்மைப் பெட்டிகள் ஆறைக் கொண்டுவந்து போட்டார். தவளையின் வயிறெல்லாம் அசல் என் வண்டியின் நிறம். யாரும் சீண்டாத தவளையை வைத்து யாரும் சீண்டாத வண்டி. நன்றாக இருக்கிறது பொருத்தம்.

மார்ச் 20, வெள்ளி

முன்பக்கம் முடிந்தது. தற்பெருமை இல்லை, நிஜமாகவே பிரமாதம். ஸ்டியரிங் சுற்றுகிறது. கியர்த் தண்டின் தலை கழன்றுபோய் நான் பல் செட்டுக்கு ஈறு செய்கிற பிளாஸ்டிக்கில் வார்த்துப் பொருத்தினேனே, அந்த ரோஸ் நிறம்கூட வந்துவிட்டது. டாஷ்போர்டில் வேலை செய்யாத கடிகாரமும் உண்டு.

கட்டக் கட்ட எரிச்சல்தான் ஏறுகிறது. காலை ஏழு பத்துக்குப் பள்ளிக்கூடம், ஏழரைக்கு எனக்கு வேலை, நடுவில் பதினொரு சிக்னல். பன்னிரண்டு வருடம் அவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியது இந்த வண்டிதான். கடைசிப் பரீட்சையன்று முழங்கால் தண்ணீரில் போனதும் இதுதான். மற்றவர்களின் பளபள வண்டிகள் எல்லாம் அன்றைக்கு ஓரமாக நின்றன. இப்போது பெரிய இடத்தில் வேலை, நாலு பேர் பார்ப்பார்கள், அம்மாவும் வண்டியும் கண்ணை உறுத்துகிறோம்.

மார்ச் 22, ஞாயிறு

பின் சீட்டை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். பின்னால் அப்படி என்ன இருக்கிறது? ஒரு சீட், இரண்டு ஜன்னல். கூரையும் போட்டாகிவிட்டது. கூரையைத் தனியாகக் கழற்றி உள்ளே பார்க்கலாம்.

மார்ச் 29, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதிவுக்காகப் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் போக மகள் வந்தாள். கட்டை வண்டியை மறைக்க நேரமில்லை, மேசைமேலேயே இருந்தது. பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அந்த ரோஸ் கியர்! அச்சு அசல்மா!" கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு குனிந்து பின்பக்கம் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"பின்னாடி எல்லாம் தப்பும்மா."

"என்ன தப்பு? அளந்து கட்டினது."

"பின் ஜன்னல் பாதிதான் இறங்கும். நீ முழுசா தொறந்து வச்சிருக்க. இந்தப் பக்கக் கதவுல உள்ளே கைப்பிடி கிடையாது. அப்புறம் உன் சீட்டுக்குப் பின்னாடி ஓட்டை இருக்கும்."

"என் வண்டில ஓட்டையா?"

"நீ பாத்திருக்க மாட்ட. பை தொங்குதுல்ல, அதுக்குப் பின்னாடி. நான்தான் தோண்டினேன். நீ கத்தறப்பல்லாம்."

"நான் எப்படி கத்தினேன்?" என்று கத்தினேன்.

அவள் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள். "வண்டி அசிங்கம்னு நான் சொன்னதா நெனச்சியா? எனக்கு அதைப் பாத்தாலே பழைய பயம் வந்துடுதும்மா. சிக்னல்ல நிக்கும்போது ஒரு கத்து, பென்சில் பாக்ஸ் மறந்தா ஒரு கத்து, அப்பாவைப் பத்தி ஒரு கத்து. எறங்கற வரைக்கும் கண்ணாடில உன் கண்ணையே பாத்துட்டு வருவேன், இன்னைக்கு எப்படின்னு. கல்யாணத்தன்னைக்காவது பயமில்லாம இருக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

நான் என்னவெல்லாமோ சொன்னேன். நான் பட்ட பாடு, நான் தூங்காத நாட்கள், யாருக்காக, எதற்காக. அத்தனையும் உரத்த குரலில்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 30, திங்கள்

அந்த ஓட்டையைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

சின்னப் பிள்ளை ஏதோ கிள்ளியிருக்கும். அதைப் போய் இருபது வருடம் கழித்துச் சொல்லிக் காட்டுவதா? மெழுகிடம் கேட்டேன், "டேய், நான் கத்தறேனா?" என்று. அவன் அச்சைக் கீழே வைத்துவிட்டு, "உண்மையச் சொன்னா கத்த மாட்டீங்களே அக்கா?" என்றான்.

ஏப்ரல் 1, புதன்

வேலைக்குக் கிளம்பும் முன் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை. கூடையையும் பையையும் எறிவதோடு சரி, அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை.

என் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையைத் தூக்கினேன். துணி கிழிந்து, உள்ளே பஞ்சு போய்க் குழியாக இருந்தது. கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது.

ஒரு குழந்தையின் விரலால் இவ்வளவு தோண்ட எத்தனை நாள் ஆகும்? என் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் அது நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சிக்னல், கடிகாரம், லேட்டானால் மேனேஜர் மூஞ்சி, விட்டுப் போன மனிதர்—காரணம் எல்லாம் சரிதான். எல்லாக் காரணமும் சரியாகவே இருந்து என்ன, குழியும் இருக்கிறதே. அவர்மேல் இருந்த கோபத்தை எல்லாம் யார் தலையில் கொட்டினேன்? அவரா பின்னால் உட்கார்ந்திருந்தார்?

என்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை யாரிடம் போய்க் கத்துவது? வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

பின்பக்கத்தை முழுக்கப் பிரித்தேன். பிரிப்பது கட்டுவதைவிடக் கஷ்டம், நகக்கண் எரிகிறது. பின் ஜன்னல்களைப் பாதி ஏற்றினேன். கதவின் கைப்பிடியை எடுத்துவிட்டேன். டிரைவர் சீட்டின் முதுகில் ஒரு கட்டையை உருவி வெறுமையாக விட்டேன்.

போன் செய்தேன். "குழியைப் பாத்தேன்" என்றேன். "ம்" என்றாள். மன்னிச்சுக்கடி என்று சொல்லத்தான் போன் செய்தேன். "நான் வரேன். வண்டி வராது. கார் அனுப்பு" என்று மட்டும் சொன்னேன். அவள் அழுகிறாளோ என்று சந்தேகமாக இருந்தது. கேட்டால் குரல் உயர்ந்துவிடுமோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். போட்டோக்காரன் மூன்று தடவை "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான். நாலாவது தடவை வாயைத் திறந்தேன், மகள் பார்ப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன். டப்பா, ரிப்பன் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இருவரும் சாப்பிட வந்தார்கள். கட்டை வண்டியை மாப்பிள்ளை கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அத்தை, இதுக்கு நாலு கண்காட்சியில பரிசு குடுப்பாங்க" என்றார். மகள் வாங்கி, கூரையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இப்ப சரியா இருக்கு" என்றாள். எழுதி வைத்திருந்ததைப் போல அப்போதுதான் எனக்கு வந்தது. "மன்னிச்சுக்கடி" என்றேன். மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார்.

அவள் கூரையைத் திரும்பப் பொருத்தினாள். "சாவி குடும்மா. ஒரு ரவுண்டு போலாம். நான் ஓட்டறேன்."

இதுவரை அவளை ஸ்டியரிங்கில் கைவைக்க விட்டதில்லை. கொடுத்தேன். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். ஜன்னல் பாதிதான் இறங்கியது. அங்கேயிருந்து பார்த்தால் ஓட்டுகிறவளின் முகம் தெரியாது, கண்ணாடியில் இரண்டு கண் மட்டும்தான் தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரிய சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி வழக்கம்போல நின்றுபோனது. பின்னால் பத்து ஹாரன். எவனோ முட்டைக்கோஸ் என்று கத்தினான். நான் சீட் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் சாவியைத் திருப்பினாள், கிளம்பவில்லை. மறுபடி திருப்பினாள். "சரி சரி, மெதுவா வா" என்று வண்டியிடம் சொன்னாள்.

யாரும் கத்தாமலே அது கிளம்பியது.