முதல் பரிசு வாங்கிய அடி

மச்சான்,

எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்கு இன்று காலையிலிருந்து வெள்ளி பெயிண்ட் அடிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் வாடை நிற்கவில்லை. தலை வலிக்கிறது என்றாள் மருமகள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி, சென்னைக்கு டி.வி. வந்த புதிது. செங்கல்பட்டு பஜாரில் நீ ரேடியோ ரிப்பேர் செய்தாய். இரண்டு கடை தள்ளி நான் போட்டோ ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். டி.வி.யில் காட்டும்படி பத்து நிமிஷத்துக்கு ஒரு விஞ்ஞானக் கதை எடுத்து அனுப்புங்கள், சிறந்ததற்குக் கோப்பை உண்டு என்று சென்னையில் ஒரு கலை மன்றம் அறிவித்திருந்தது. ராக்கெட்டுக்கு எங்கே போவது என்று கேட்டாய். ராக்கெட் எதற்கு, கடலிலிருந்து ஏறி வருகிற வேற்றுக் கிரகத்தான் ஒருவன் போதும், அது நீதான் என்றேன். மறுநாளே அலுமினிய அன்னக்கூடையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, ரேடியோ ஏரியல் செருகி, தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாய். உன் அம்மா பார்த்தால் விளக்குமாற்றை எடுப்பாள் என்று சிரித்தோம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தைப் பார்த்து வைத்தேன். அந்த மாதம் அங்கே வாந்தி பேதியில் ஐந்து பிள்ளைகள் செத்திருந்தார்கள். அம்மனுக்குக் காப்புக் கட்டி, அசலூரான் உள்ளே வராமல் காவல் போட்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. ரோட்டோர டீக்கடையில் வாய் சும்மா இருக்காமல், "நாளைக்குக் காலைல ஒங்க கரையில ஒரு கிரகம் வந்து எறங்குது, பாருங்க" என்றேன். பேப்பர் படிக்கிற எனக்குக் கிரகம் என்றால் வானத்தில் சுற்றுவது. அவர்களுக்கு அது ஆளைப் பிடிப்பது, பிள்ளையைக் கொண்டுபோவது. நான் விளையாட்டாகச் சொன்னது பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் வெயில் ஏறியபோது இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து எழுந்து, உடம்பெல்லாம் பூசிய வெள்ளி பெயிண்ட் மினுங்க, கைகளை விரித்தபடி கரைக்கு நடந்தாய். நான் மணல் மேட்டில் சினிமா கேமராவோடு இருந்தேன். ஏற்றி வைத்திருந்த படகுகளின் பின்னாலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். துடுப்பின் முதல் வீச்சு உன் முழங்காலில் விழுந்தது. மண்டியிட்டாய். இரண்டாவது வீச்சு அன்னக்கூடையில். அலுமினியம் உள்ளே மடங்கி, நீ வெட்டிய ஓட்டையின் விளிம்பே உன் இடது கண்ணுக்குள் இறங்கியது. கத்தினாய். கூடைக்குள்ளிருந்து வந்த சத்தம் மனிதக் குரலாகவே இல்லை. அதைக் கேட்டு இன்னும் வெறியோடு அடித்தார்கள். விலாவில் மிதித்தார்கள், கையைத் திருகி ஒடித்தார்கள். தலைவிரி கோலமாக வந்த ஒரு பெண், "எம் புள்ளய குட்றா" என்று வேப்பங்கொத்தால் உன் முதுகில் விளாசினாள். வெள்ளி நிறத்தின் மேல் சிவப்பு வழிவதைப் பார்த்த ஒரு கிழவர்தான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"டேய், ரத்தம் வருதுடா. மனுசன்டா இவன்."

முதலில் அடித்தவனே உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். லாரியில் செங்கல்பட்டு வந்து சேரும்வரை தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில் பெயிண்ட் எது சதை எது என்று தெரியாமல், காயத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். நீ போட்ட கூச்சல் வராந்தா வரை கேட்டது. கண் போயிற்று. கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று உன்னிடம் சொன்னேன். கட்டுப் போட்ட தலையை ஆட்டினாய்.

அந்தச் சுருளைத்தான் வெட்டி ஒட்டி அனுப்பினேன். முதல் பரிசு. வேற்றுக் கிரகத்தானை மனிதர்கள் அடிக்கும் காட்சி அத்தனை தத்ரூபம் என்று ஒரு நடுவர் மேடையில் புகழ்ந்தார். இப்படி நடிக்க வைக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். எல்லோரும் கைதட்ட, நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அங்கேயே யாராவது என் பல்லை உடைத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது டி.வி.யில் வந்தது. உன் கடை வாசலில் பாதி பஜார் நின்றது. ஒற்றைக் கண்ணால் கடைசி வரை பார்த்தாய். கூட்டம் கலைந்ததும் கடைக்கதவைப் பாதி சாத்தினாய். அந்தக் கேமராவை நாலு தரம் பிரித்துப் பூட்டியவன் நீ. அதற்குப் பாட்டரி கிடையாது, பழைய கடிகாரம் மாதிரி சாவி கொடுக்க வேண்டும். ஒரு சாவிக்கு அரை நிமிஷம்கூட ஓடாது. நீ அடி வாங்கியது படத்தில் அதைவிட வெகுநேரம் ஓடியது.

"எத்தினி வாட்டி மச்சான் சாவி குடுத்த?"

கோபமே இல்லாமல் கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை, கை வந்தது. உனக்குப் பார்வை இல்லாத பக்கத்திலிருந்து அறைந்தேன். அடி வருவது தெரியாமல் பழைய ரேடியோக்களின் மேல் சரிந்தாய். உதடு கிழிந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாய்.

"இத்த எவனும் படம் புடிக்கலியாடா?"

அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். ஆள் கிடைத்தால் நிறுத்தி, மச்சான் எடுத்த படத்துல நான்தான் ஈரோ என்று பீற்றினாய். மன்னித்துவிட்டாயா, சும்மா விட்டுவிட்டாயா என்று தெரியாமல் நாற்பது வருஷம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். சில நாள் உன்னை வெறுத்தும் இருக்கிறேன்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் உன் மனைவி என்னிடம் சொன்னாள்: "கண்ணு போனதுக்கு யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லண்ணா. கூடையில ஓட்டை போட்டப்ப ஓரத்த மடிச்சி வுடல, என் தப்புதான்னு சொல்வாரு."



நாலு வாட்டி மச்சான். நாலாவது சாவி கொடுக்கும்போது, கூடைக்குள்ளிருந்து நீ என் பேரைச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருந்தாய். எனக்கு நன்றாகக் கேட்டது.