யாழினியோடு பேசாமல் இருந்த காலம்

என் உயிரான சேகர் அப்பா,

அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். மகன் சேகர். மருமகள் கவிதா. அவளுடைய அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் நம் சொல்தா சம்பந்தி. நீங்கள். கதவோரம் நான். என் மடியில், இரண்டு வயசு முடிந்தும் ஒரு வார்த்தை பேசாத பேத்தி யாழினி.

சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "புள்ளைக்குக் குழப்பம். நாளைக்கு பிரான்சுல படிக்கப் போற பொண்ணு. வூட்ல பிரெஞ்சு மட்டும் பேசுங்க. தமிழ் அது காதுல வுழக்கூடாது."

"எனக்கு மெர்சி ஒண்ணுதான் தெரியும். நான் என்னா பேசறது?" என்றேன்.

"அப்ப பேசாம இருங்க சம்பந்தியம்மா. உங்க வாய்க்கும் ரெஸ்ட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். "அதான் சொல்றாரே. வாய மூடிக்கினு புள்ளயப் பாரு" என்றீர்கள்.

பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நானும் அவளும்தான். சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், தலை வாரினேன், எல்லாம் ஊமையாட்டம். காக்கா வந்தால் கையைக் காட்டினேன். அவளும் எல்லாவற்றுக்கும் கையைக் காட்டினாள். நீங்கள் டிவியில் பிரெஞ்சு பொம்மைப் படம் போட்டுவிட்டு பேப்பர் படித்தீர்கள். நாங்கள் இருந்த இருப்பு உங்கள் கண்ணில் படவே இல்லையா?

உங்கள் கருமாதி முடிந்த பிறகுதான் சேகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காது நன்றாகக் கேட்கிறதாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் கேட்டாள்.

"பகல்ல புள்ளகூட யாரு ஆயா?"

"நான்தாம்மா."

"என்னா பேசுவீங்க?"

"பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு மொழி கேட்டா புள்ளைக்குக் கெடுதல் இல்ல ஆயா. இவளுக்குப் பேச்சு வர்றதுலயே செரமம் இருக்குது. அது உங்களால வந்ததில்ல. ஆனா பேசியிருந்தா உதவியா இருந்திருக்கும். இனிமே உங்களுக்கு வர்றதப் பேசுங்க."

வாராவாரம் பஸ் ஏறுகிறோம். முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. வீட்டில் செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்கிறேன். "அரிசி களையறேன் பாரு. தண்ணி ஊத்தறேன் பாரு." பொழுது சாய்வதற்குள் தொண்டை வறண்டுவிடுகிறது. பள்ளிக்கூடம் சேர்ப்பதற்குள் பேசிவிடுவாளா? அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் பயம்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முந்தானையைப் பிடித்து இழுத்து, "வா" என்றாள். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை.

சம்பந்தி வந்து, "தெரியாம சொல்லிட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். காபி கொடுத்தேன். சேகரும் கவிதாவும் சின்னஞ்சிறுசுகள், பயந்துவிட்டார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியும். சேகருக்குப் பேச்சு வந்ததே என் வாயைப் பார்த்துத்தான் என்று தெருவெல்லாம் பெருமை பேசியவர் நீங்கள்தானே?

உயிர் இருக்கிறவரை இவளோடு பேசுவேன். உங்களைப் பற்றியும் நல்லதாகவே சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். மற்ற எல்லாரையும் மன்னித்துவிட்டேன். தேவராசுவை மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, யாழினியின் ஆயா