சோலேனின் ஆமைக்கு ஓர் இடம்

லா டீக் தீவு, செஷல்ஸ்
ஜூலை 2

அன்பு மகன் ஜெர்வேக்கும் மருமகள் கேரனுக்கும் பேத்தி சோலேனுக்கும் அம்மா செலியா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். தென்கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

முதலில் பிள்ளைகள் சமாசாரம். உன் அக்கா மகன் ரிகோபேர் படகுப் பரீட்சையில் தேறிவிட்டான். பிராலின் தீவுக்குப் போகிற படகில் இப்போது சுக்கான் அவன் கையில். நான் மூன்று தடவை ஏறினேன். மூன்று தடவையும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் அவன் யார் என்று சொன்னேன். அவனுக்கு வெட்கமாம். அவன் தங்கை லிசியான் பெரிய தீவு மாஹேயில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை, என் கையில் போட்டுப் பார்த்தாள். நம் சோலேன் பள்ளிக்கூடத்தில் கதை சொல்லிப் பரிசு வாங்கினாள் என்று போன வருடம் நீ ஒரு வரி எழுதியிருந்தாய். அதையும் கோயில் வாசலில் எல்லோரிடமும் சொன்னேன். என்ன கதை என்று கேட்டார்கள். நீதான் எழுதவில்லையே.

இனி ஆமை விஷயம். சொன்னால் எனக்குத் தலை வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சோலேன் பிறந்த அன்றே அவள் பேரில் ஓர் ஆமைக்குஞ்சு விட்டிருக்க வேண்டும். பெண் பிறந்த வீட்டில் நாம் செய்வதுதானே. அவள் அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் செய்யாமல் விட்டது என் தப்பு. ஆறு வருடம் கழித்து, இந்த ஈஸ்டர் முடிந்துதான் ஆமை வளர்க்க அனுமதிச் சீட்டு கிடைத்தது. காகிதத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் சோலேன் பெயரை எழுதினேன். வந்திருப்பது ஐந்து வயது ஆமை, இப்போதைக்குப் பொரிக்கிற சட்டி அகலம்தான், வளர்ந்தால் தூக்க நாலு ஆள் வேண்டும். முகம் மட்டும் கோபித்துக்கொண்ட பாதிரியார் மாதிரி.

வீடு கட்ட உன் அத்தான் டானியோவைக் கூப்பிட்டேன். கோழிக்கு அடித்த கம்பிவலை மிச்சம் இருக்கிறது என்று அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போய்விட்டார். ஆமை ஒரு வாய் புல் தின்னவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பிக்கு அந்தப்பக்கம் தெரிகிற பாதையைப் பார்த்து முட்டிக்கொண்டே நின்றது. மூக்குத் தோல் உரிந்துவிட்டது. டானியோவிடம் சொன்னால், ‘விடுங்க அத்தை, பழகிடும். எனக்கும் இந்த வீட்ல அப்படித்தான் பழகிச்சு’ என்கிறார். உன் அக்கா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுக்களைக்குப் பின்னால் கல் வைத்துக் கட்டச் சொன்னேன். அளவை நானே காலடி வைத்துச் சொன்னேன். நீளம் ஆறு அடி, அகலம் நாலு அடி, இடுப்பு உயரச் சுவர், ஒரு மூலையில் ஓலை. நான் பிறந்தபோது என் அப்பா கட்டிய அதே அளவு. டானியோ இரண்டு வாரம் முனகிக்கொண்டே கட்டினார். ‘அத்தை, கோட்டை கட்டியாச்சு, பீரங்கி எப்ப வரும்’ என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஆனால் சுவர் நன்றாக இருந்தது. பலாத் தழை, கொய்யா, களையில்லாத நல்ல புல் எல்லாம் நானே அறுத்துப் போட்டேன். ஆமை தின்றது. அப்பாடா என்று இருந்தேன்.

போன செவ்வாய் அனுமதிச் சீட்டு கொடுத்த ஆபீஸிலிருந்து பார்வையிட அதிகாரி வந்தாள். சின்னப் பெண், லிசியான் வயதுதான் இருக்கும். சுவரைச் சுற்றி வந்தாள், அளந்தாள், எழுதினாள். பிறகு சொன்னாள், ‘பாட்டிம்மா, சுவர் சரியாத்தான் இருக்கு, ஆமைக்கு அந்தப் பக்கம் தெரியல, முட்டாது. ஆனா இது வீடு இல்லியே. கல்யாணத்துக்குக் கொழுக்க வைக்கிற தொட்டி. இதுல அது எங்க நடக்கும்?’

எனக்குச் சுர்ரென்று வந்தது. யார் வீட்டில் வந்து என்ன பேசுகிறாய் என்று கேட்டுவிட்டேன். அவள் போன பிறகு சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன், ஜெர்வே. அவள் சொன்னது சரிதான். என் ஆமை அந்த ஆறடிக்குள் இருபது வருடம் இருந்தது. நடக்க விட்டால் இளைத்துவிடும் என்று அப்பா விடவில்லை. உன் அப்பாவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்த அன்று நூற்றிருபது பேர் அதைச் சாப்பிட்டார்கள். அன்று எனக்குப் பெருமை. சோலேனின் ஆமையை யாரும் தொடப்போவதில்லை. ஆனால் என் காலுக்கு அந்த ஓர் அளவுதான் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்டில் மாதா திருநாள் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வருவாள். அதற்குள் நடக்க நிலம், மேய்ச்சல் புல், உச்சிவெயிலுக்கு மர நிழல், படுக்கச் சேற்றுக்குழி எல்லாம் இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் ஆமையைத் திரும்ப எடுத்துப்போவார்கள்.

அப்படி ஓர் இடம் நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. எது என்று உனக்கே தெரியும். ஈரப்பலா மரத்தடியில், நீ வீடு கட்ட ஒதுக்கிய இடம். ஒன்பது வருடமாக அங்கே ஒரு கொடி மண்டவிடாமல் வைத்திருக்கிறேன். ஆட்டுக்காரன் கேட்டான், கொடுக்கவில்லை. உன் அக்கா வாழை வைக்கக் கேட்டாள், அவளுக்கும் கொடுக்கவில்லை. அதனால் அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீ இறக்கி வைத்த அஸ்திவாரக் கற்கள் அடுக்கினபடியே இருக்கின்றன, பாசி மட்டும் பிடித்திருக்கிறது.

டானியோ அந்தக் கற்களையே எடுத்துச் சுவர் வைத்துவிடலாம் என்கிறார். ‘ஜெர்வே கோவிச்சுக்க மாட்டான் அத்தை. கேட்டுப் பாருங்க, மறந்தே போயிருப்பான்’ என்றார். நான் அவருக்கு அன்று சாப்பாடு போடவில்லை.

நான் உன்னை அவசரப்படுத்தவில்லை. அங்கே உன் வேலை பெரிது, எனக்குத் தெரியும். ஆனால் ஆமைக்குச் சொன்ன நாள் இருக்கிறது. கல்லை எடு என்றால் எடுக்கிறேன். எடுக்காதே என்றால் தொடமாட்டேன், ஆமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். எது என்றாலும் ஒரு வார்த்தை எழுது. கேரனை எழுதச் சொல்லாதே, நீயே எழுது. இந்த ஆமை நூறு வருடம் இருக்கும். நான் இருக்கமாட்டேன். அது யார் பேரில் இருக்கிறதோ அவள் ஒரு நாளாவது வந்து அதற்குத் தழை போட வேண்டும்.

போகும்போது அந்த அதிகாரிப் பெண், ‘யாரு பாட்டிம்மா இந்த சோலேன்?’ என்று கேட்டாள். வீட்டுக்குள் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைக் காட்டினேன். ‘இது கைக்குழந்தை ஆச்சே’ என்றாள். என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். பதில் போடும்போது சோலேனின் புதுப் படம் ஒன்று தபாலில் வைத்து அனுப்பு. போனில் வேண்டாம், கை பட்டால் ஓடிப்போகிறது. உட்கார்ந்த படமும் வேண்டாம். பாதம் தரையில் தெரிகிற மாதிரி, அவள் நடந்து வருகிற படமாக இருக்கட்டும்.

உன் அம்மா,
செலியா