பதினோரு பேரும் ஓர் இடைவெளியும்

அக்கா,

இன்றைக்குப் பட்டறையில் புது வார்னிஷ் டின் திறந்தார்கள். செம்புக்கம்பி சுற்றி முடித்த மோட்டார் காயிலை அதில் முக்கி எடுத்தபோது உங்கள் தலைமுடி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சரோஜாக்கா, "ஏனம்மணி, தானாச் சிரிக்கிறே?" என்றார்.

நீங்களும் இதே பட்டறையில் காயில் சுற்றிக்கொண்டிருந்த காலம்; உங்கள் பாட்டுக் குழுவின் முதல் கச்சேரிக்கு முந்தின நாள். உங்கள் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பங்க் ராக் என்கிற கூச்சல் பாட்டுக் கேசட்டின் அட்டையில் ஒருவனுக்கு முடி முள்முள்ளாக நின்றது. உங்களுக்கும் அப்படி நிற்கவேண்டும். தேங்காய் எண்ணெயில் ஊறி வளர்ந்த முடி எப்படி நிற்கும்? காயிலுக்குப் போடுகிற வார்னிஷை எடுத்து முன்முடியில் தடவிக்கொண்டீர்கள். நின்றது. கச்சேரி முடிந்த பிறகும் நின்றது. சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் தோற்றபின், நான்தான் நெற்றியை ஒட்டி வெட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்னம்மணி, பழனிக்குப் பாதி மொட்டையா?" என்றார்.

"ஆமாங்க. மீதிய உங்க பேருக்கு நேந்திருக்கறனுங்க" என்றீர்கள்.

அந்தத் தலையோடுதான் இரண்டாம் கச்சேரியும் பாடினீர்கள். அதற்கு அடுத்த மாதம் கணபதிப் பக்கம் ஒரு பழைய இரும்பு வார்ப்படக் கொட்டகையில் நீங்கள் பாடியபோது, முன்னால் நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் முன்முடியை வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதுதான் பாணி என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் 'கருகின காயில்' குழுவின் கச்சேரிக்கு என்றைக்கும் ஐம்பது பேருக்கு மேல் வந்ததில்லை. ஆனால் அதே ஐம்பது பேர், சூலூரிலிருந்துகூட பஸ் பிடித்து வருவார்கள். குழுவில் கிடார் வாசிக்கிற உங்கள் தம்பிக்கு மூன்று விரல்பிடிதான் தெரியும். அவர்களுக்கு அது போதும்.

அவர்கள் கேட்டுக் கேட்டுப் பாடவைக்கிற அந்தப் பேர்ப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். மேசை நம்பர்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "நம்பர் போட்டுக் கூப்பிட நாமென்ன டவுன் பஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு, டிபன் மூடியில் தட்டியபடி எல்லோர் பேரையும் வரிசையாகக் கத்தினீர்கள். சரோஜா, ஈஸ்வரி, பழனியம்மா... வேறு வரியே இல்லாத பாட்டு. கடைசியான பன்னிரண்டாவது மேசை என்னுடையது.

"அக்கா, என் பேரு வேண்டாங்க" என்றேன்.

ஏன் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது எனக்குக் குரல் வராது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆள் உட்கார்ந்திருக்க, 'ஆப்சென்ட்' விழும். ஒன்பதாவதில் பள்ளியைவிட்டு நின்றதற்கு வீட்டில் வேறு காரணம் சொன்னேன். இதுதான் காரணம்.

நீங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் என்னை விட்டுவிட்டு வரிசையை மூடவும் இல்லை. கச்சேரியில் பதினோரு பேருக்குப் பிறகு, ஒரு பேர் சொல்லும் நேரம் கிடாரும் டிரம்மும் சட்டென்று நிற்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து. அந்த ஐம்பது பேர் அதையும் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி, மூச்சுவிடாமல் நிற்பார்கள். நான் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மஞ்சள் காமாலையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டீர்கள்: "அடுத்த கச்சேரிக்காச்சும் உன்ற பேரப் போட்டுடட்டுமா கண்ணு?"

தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. "செரி, இருக்கட்டும் போ" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான்கு நாளில் போய்விட்டீர்கள். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாள் அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவாக அதே கொட்டகையில் ஒரு கச்சேரி வைத்தார்கள். மைக்கின் முன்னால் யாரையும் நிறுத்தவில்லை. பேர்களைக் கூட்டமே கத்தியது. பதினொன்றும் முடிந்து, அந்த இடம் வந்தது. ஐம்பது கைகள் உயர்ந்தன. கொட்டகைத் தகரத்தில் காக்கை நடப்பதுகூடக் கேட்டது. டிரம் மறுபடி தொடங்கியதும், என் பக்கத்தில் நின்ற சூலூர்க்காரர், "இந்த எடத்துலதானுங்க எனக்கு மயிர்க்கூச்செறியுது. எதுக்கு நிறுத்துவாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்றார்.

"அது நானுங்க" என்றேன்.

"என்னங்க?" என்று காதைக் கொண்டுவந்தார். அத்தனை சத்தம். கத்தவேண்டியதாகிவிட்டது அக்கா.

"அது நானுங்க! பன்னண்டாவது மேசை!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் பேரைக் கேட்டார். அதையும் கத்தித்தான் சொன்னேன். குரல் வந்தது. பாட்டு முடிந்ததும் அவர் உங்கள் தம்பியிடம் ஓடினார். இருவரும் என்னிடம் வந்து, இனிமேல் பாட்டில் என் பேரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்றேன். இந்த முறை பயந்து சொல்லவில்லை. என் பேரை நானே சொல்லிக்கொள்வேன் அக்கா. அந்த இடம் மட்டும் நீங்கள் விட்டுவைத்தபடியே இருக்கட்டும்.